ஏட்டிலிருந்து இணையத்திற்கு: மலேசியாவில் பொதுமக்களின் குறைகூறலும் பொறுப்பேற்பும்

மலேசியத் தமிழரிடையே, குறையைப் பொதுவில் வைத்துத் தீர்வு கேட்கும் வழக்கம் சமூக ஊடகங்களோடு தோன்றியதன்று. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' முதலான ஏடுகள் அதற்குக் களமாயின. கடிதம் எழுதியவர் புனைபெயருக்குள் மறைந்து நிற்கலாம். இதழாசிரியர் மறைய இயலாது. எதை வெளியிடுவது, எவர் பெயரைக் காப்பது என முடிவு செய்தவரும் அவரே. வழக்கு வந்தால் சட்டத்தின்முன் நின்றவரும் அவரே. அச்சக, வெளியீட்டுச் சட்டம் 1984இன்கீழ் உரிமம் பறிபோகக்கூடும் என்ற அச்சத்தால், நியாயமான குறைகளும் அவர் மேசையிலேயே நின்றிருக்கக்கூடும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

இணையம் இவ்விடையாளரை அகற்றியது. 1996இல் அறிமுகமான பல்லூடகப் பெருவழித் திட்டத்தில், இணையத்திற்குத் தணிக்கை இல்லை என அரசாங்கம் உறுதியளித்தது. தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இன் 3(3)ஆம் பிரிவும் அவ்வுறுதியை ஏற்றது. 1999 நவம்பரில் 'மலேசியாகினி' தோன்றியது. 2008 மார்ச் 8இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதற்கு இணையம் மட்டுமே காரணமன்று. எனினும் குடிமக்களின் குரல் அச்சேட்டைச் சாராமலே பரவக்கூடும் என்பது அப்போது தெளிவாயிற்று.

காலியான இதழாசிரியரின் இருக்கையில் எவரை அமர்த்துவது என்பதே அதன்பின் சட்டம் எதிர்கொண்ட வினா. 2012இல் சான்றுச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 114ஏ பிரிவு, ஒரு பதிவின் உரிமையாளராகவோ நிருவாகியாகவோ எவர் பெயர் காணப்படுகிறதோ, அவரே அதனை வெளியிட்டவர் என அனுமானிக்கிறது. அவ்வாறில்லை என மெய்ப்பிக்கும் சுமை அவரைச் சார்ந்தது. 2021 பிப்ரவரி 19இல் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் பதிந்த ஐந்து கருத்துகளுக்காக 'மலேசியாகினி'யை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து, ஐந்து இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அதன் தலைமையாசிரியர் குற்றவாளியாகக் காணப்படவில்லை. எழுதியவர் வாசகர், தண்டம் செலுத்தியதோ நிறுவனம். பழைய இதழாசிரியரின் சுமை, வெளியீட்டுக்கு முன்னர்த் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பின்றியே இங்கு மீண்டு வந்தது.

புனைபெயர் தந்த காப்பின் நிலை யாது? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கை சார்ந்த தரவுகளுக்கே பொருந்தும். கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. 2024ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்விலக்கை நீக்கவில்லை. 2017இல் நான்கு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தமை வெளிப்பட்டது. அவ்வெண்ணிக்கை நாட்டின் மக்கள்தொகையினும் மிகுதி. தகவல் ஒருமுறை வெளியேறின் அதனை மீட்க இயலாது என்பதற்கு இதுவே சான்று.

இதன் விளைவைத் தமிழ்ப்பள்ளிச் சூழலில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். கூரை ஒழுகும் வகுப்பறையைப் பற்றி முன்பு ஒரு பெற்றோர் கடிதம் எழுதினால், பள்ளியின் பெயர் வரும். பிள்ளையின் முகம் வராது. இன்று அவரே எடுக்கும் படத்தில் கூரையோடு மாணவர் முகமும் பெயர்ப்பட்டையும் பதிகின்றன. கூரை விரைவில் செப்பனிடப்படலாம்; படம் நிலைத்துவிடும். வணிகம் சாராத அப்பகிர்வில், மேற்குறித்த தரவுச் சட்டம் அம்மாணவருக்குத் துணைநிற்பதில்லை.

எனவே, சமூக ஊடகம் பொறுப்புடைமையை வளர்த்ததா, குலைத்ததா எனும் வினா முழுமையற்றது என்பது எம் கருத்து. அது பொறுப்பை இடம்பெயர்த்தது. தேர்ந்தெடுத்தல், காத்தல், விடையளித்தல் என ஒருவரிடம் சேர்ந்திருந்த மூன்று கடமைகளையும் பிரித்தது. விடையளிக்கும் கடமைக்குச் சட்டம் ஆள் தேடிக்கொண்டது. காக்கும் கடமையை ஏற்பார் இன்னும் இலர். பகிர்வதற்கு முன் படத்திலுள்ள முகங்களை மறைக்க மாணவர்க்குக் கற்பிக்கும் மொழியாசிரியர், அக்கடமையின் ஒரு பகுதியையேனும் ஏற்றவராவார்.