நாடக ஆசிரியர் பெயரில் ஒரு திரைப்பட விருது

சிறந்த தமிழ்ப் படம் எனத் தேர்ந்தெடுக்கப்படும் படத்துக்குப் புதுச்சேரி அரசு வழங்கும் விருது, எந்த நடிகரின் பெயரையும் எந்த இயக்குநரின் பெயரையும் தாங்கவில்லை. தமிழில் பேசும்படம் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்ட நாடக ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே தாங்கியிருக்கிறது. தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சுவாமிகள், நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று, இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் முடங்கி, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1922 நவம்பர் 13 அன்று காலமானார்; நகரின் வடபுறத்தில் உள்ள கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அவர் பெயரை விருதுக்குச் சூட்டியதில் உள்ளூர்ப் பெருமை இல்லாமலில்லை. ஆயினும் தமிழ்த் திரையின் வரலாறு அறிந்தவர்களுக்கு இந்தப் பெயரைவிடப் பொருத்தமான பெயர் வேறொன்று கிடைப்பது கடினம்.

காரணம் வெளிப்படையானது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளியானபின் வந்த முதற்சில ஆண்டுகளின் தமிழ்ப் படங்கள், பெரும்பாலும் மேடையில் நடந்துகொண்டிருந்த நாடகங்களைப் படப்பிடிப்புக் கருவியின் முன்னால் மீண்டும் நடத்திக் காட்டியவையே. ‘வள்ளி திருமணம்’ (1933), ‘பவளக்கொடி’ (1934), ‘கோவலன்’ (1934) ஆகியவற்றின் கதைகள் யாவும் சுவாமிகள் எழுதி, மேடைதோறும் பரவிய நாடகங்களின் வழியே மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தவை. எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற ‘பவளக்கொடி’யை இயக்குநர் கே. சுப்பிரமணியம் படமாக்கியபோது அதில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன என்றால், அன்றைய பார்வையாளர் திரையரங்குக்குப் போனது பார்ப்பதற்கு மட்டுமன்று, கேட்பதற்கும்தான் என்பது விளங்கும். சுவாமிகளின் மற்றொரு கொடை ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட பாலர் நாடக சபை, அதாவது சிறுவர்களை மட்டுமே கொண்டு, பெண் வேடங்களையும் அவர்களுக்கே கொடுத்து நடத்தப்பட்ட குழு. மதுரையில் 1918இல் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் பின்னர் தமிழ் நாடகத்திலும் திரையிலும் தனி இடம் பெற்றார்கள்.

புதுச்சேரியின் திரை வரலாற்றில் இரண்டாவது கண்ணியும் இந்தச் சகோதரர்களோடு பிணைந்தே வருகிறது. அவர்கள் நடித்த ‘பாலாமணி அல்லது பக்காத் திருடன்’ (1937) படத்துக்காகத்தான், பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக வேலை பார்த்துக்கொண்டிருந்த கனகசுப்புரத்தினம் என்னும் பாரதிதாசன் முதன்முதலாகத் திரைக்கு எழுதினார். தொடர்ந்து ‘ஸ்ரீ ராமானுஜர்’ (1938), நாதசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை கதைத்தலைவராக நடித்த ‘கவி காளமேகம்’ (1940) ஆகியவற்றிலும் அவருடைய பங்கு உண்டு. பிற்காலத்தில் பகுத்தறிவுக் கவிஞராகவே அறியப்பட்டவர் வைணவ ஆசாரியரின் வாழ்க்கைப் படத்துக்குப் பாட்டெழுதியதைச் சிலர் முரணாகக் கருதலாம். கவிஞர்கள் திரைக்குள் நுழைந்த காலத்தில் கதையைத் தேர்வு செய்யும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை என்பதே நேரான விளக்கம்.

பாரதிதாசனின் பெயரோடு இணைந்த படங்களுள் இன்றைக்கும் பார்க்கத்தக்கது ‘பொன்முடி’ (1950). அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் குறுங்காவியத்தைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்க, தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். முத்து வாணிகக் குடும்பங்கள் இரண்டின் பகைக்கு நடுவில் சிக்கிய பொன்முடி, பூங்கோதை என்னும் இருவரின் காதல்தான் கதை. பி. வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் தோன்றும் காதல் காட்சிகளில் இருந்த நெருக்கம் அன்று பலரை முகஞ்சுளிக்க வைத்தது. இப்படத்தின் கவர்ச்சி வசனத்தில் இல்லை. மொழி புரியாத இயக்குநர் சொல்லை நம்பாமல் பார்வையையும் உடலசைவையும் நம்பியதில் இருக்கிறது. பாட்டாலும் பேச்சாலும் நிறைந்திருந்த மேடைவழிப் படங்களிலிருந்து தமிழ்த் திரை விலகி நடக்கத் தொடங்கிய தடங்களில் ஒன்று, ஒரு புதுச்சேரிக் கவிஞரின் காவியத்தின்மேல் பதிந்தது என்பதை இந்நகரம் போதிய அளவு கொண்டாடவில்லை. தம்முடைய ‘பாண்டியன் பரிசு’ காவியத்தையும் படமாக்க விரும்பிச் சென்னைக்குக் குடிபெயர்ந்த கவிஞர், அது நிறைவேறாமலே 1964 ஏப்ரல் 21 அன்று அங்கேயே மறைந்தார்.

படம் பார்ப்பதற்கு இந்நகரில் இரு வகை இடங்கள் வளர்ந்தன. ஒன்று, வெகுமக்களின் திரையரங்கு: ராஜா தியேட்டர் சிக்னல், அஜந்தா சிக்னல், பாலாஜி தியேட்டர் நிறுத்தம் என நாற்சந்திகளும் பேருந்து நிறுத்தங்களும் கொட்டகைகளின் பெயராலேயே வழங்கும் அளவுக்கு அது ஊரின் வழிகாட்டியாயிற்று. மற்றொன்று, திரைப்படக் கழகம். வணிக ஓட்டத்துக்கு வராத படங்களை உறுப்பினர்களுக்குத் திரையிட்டு, பார்த்தபின் விவாதிக்கும் இவ்வமைப்பு 1920களில் பிரான்சில் வேர்கொண்டு, சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947இல் கல்கத்தாவில் தொடங்கிய சங்கத்தின் வழியே இந்தியாவில் பரவியது. 1889 முதல் புதுச்சேரியில் இயங்கிவரும் அலியான்ஸ் பிரான்சேஸ், நவதர்சன் திரைப்படக் கழகம், அரசின் செய்தி மற்றும் விளம்பரத் துறை ஆகியவை இணைந்து நடத்தும் இந்தியத் திரைப்பட விழா இந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் விருது அவ்விழாவில்தான் வழங்கப்படுகிறது; விருது பெற்ற படத்தோடு பிற மொழிப் படங்களும் கட்டணமின்றித் திரையிடப்படுகின்றன.

அண்மைக் காலத்தில் இவ்விருதுக்குத் தேர்வான படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தேர்வுக் குழுக்களின் மனம் ஓரளவு புலப்படும். மலையில் தேன் எடுத்துப் பிழைப்பவன் நோயுற்ற மனைவிக்கு மருத்துவம் பார்க்க அரசு ஆவணங்கள் இல்லாமல் அலைவதைச் சொல்லும் கணேஷ் விநாயகனின் ‘தேன்’, எட்டாத இருக்கையில் அமர முடியாமல் மிதிவண்டிச் சட்டத்தின் நடுவே காலை நுழைத்து மிதிக்கும் பழக்கத்தையே பெயராகக் கொண்ட கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’ ஆகிய இரண்டிலும் நாயகனை அறிமுகப்படுத்தும் ஆரவாரம் கிடையாது. ‘குரங்கு பெடல்’ கவர்வது அதன் எளிமையால்தான்: வாடகைச் சைக்கிளுக்கு ஒரு சிறுவனிடம் காசு இல்லை, அவன் தந்தைக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது, இந்த இரண்டு இல்லாமைகளை வைத்தே முழுப் படமும் நகர்கிறது.

ஆனால் விருதின் பெயருக்கும் படத்துக்கும் உள்ள உறவு முழுமையாக வெளிப்பட்டது 2019இல், மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) தேர்வு செய்யப்பட்டபோது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சாதி இழிவைச் சந்திக்கும் மாணவனின் கதையாகவும், கறுப்பி என்னும் நாயின் கதையாகவும் பலரால் நினைவுகூரப்படும் இப்படத்தில், அம்மாணவனின் தந்தை கூத்தில் பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர். அவ்வேடத்தில் நடித்த தங்கராஜ் உண்மையிலேயே ஒரு நாட்டுப்புறக் கூத்துக் கலைஞர். மகனுக்காகக் கல்லூரிக்கு வரும் அவரை மாணவர்கள் வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடும் காட்சியைப் போல, மேடையில் வணங்கப்படும் வேடம் மேடைக்குக் கீழே அடையும் இழிவைக் கூர்மையாகக் காட்டிய காட்சி தமிழ்த் திரையில் அரிது. சிறுவர்களுக்குப் பெண் வேடமிட்டு அரங்கேற்றிய ஆசிரியரின் பெயரிலான விருது அக்காட்சி உள்ள படத்துக்குச் சென்றது, தேர்வுக் குழு எண்ணிச் செய்ததோ இல்லையோ, மிகச் சரியான தேர்வு. தந்தை, மகன், எதிரி என எவரையும் வென்றதாகக் காட்டாமல், இரண்டு தேநீர்க் குவளைகளையும் இடையே ஒரு பூவையும் வைத்துப் படத்தை நிறுத்தியதும் அதன் மதிப்பைக் கூட்டுகிறது.

ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) புதுச்சேரியை உலகத்துக்குக் காட்டியது உண்மையே. தாவரவியல் பூங்காவில் எடுத்த காட்சிகளின் அழகையும் மறுப்பதற்கில்லை. எனினும் அதில் தெரிவது வெளியார் விரும்பும் மஞ்சள் சுவர்ப் புதுச்சேரி. கருவடிக்குப்பமும் பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் தெருவும் அதற்குள் வருவதில்லை. இந்நகரின் திரை மரபை அறிய விரும்புவோர் அதைவிட ‘பொன்முடி’யையும் ‘பரியேறும் பெருமாள்’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயன் தரும். விழா நடத்துவோரும் விருதுப் படத்தோடு ஒரு மாலையைப் ‘பொன்முடி’க்கு ஒதுக்கலாம்.