திரும்பி வரும் எடை: ஒரு குட்டி வரலாறு

போன தடவை காசோலையின் கதையை எழுதினேன். இந்தத் தடவை வயிற்றின் கதை. பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது.

என் அத்தை 2014-ல் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். 118 கிலோ இருந்தவர் ஒன்றரை வருடத்தில் 79-க்கு வந்தார். அப்போது எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்கள். இப்போது 97 கிலோ. போட்டோவைக் கழற்றியாகிவிட்டது. கல்யாணங்களுக்கு வருவதில்லை, டாக்டரிடம் செக்கப்புக்குப் போயும் மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டேன். "ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணாங்க கண்ணு. நான்தான் கெடுத்துக்கிட்டேன். எந்த மூஞ்சியோட அங்க போறது?" என்றார்.

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்தது ஒன்றுதான். எடை திரும்புவது அத்தையோடு ஆரம்பித்த கதை இல்லை. இந்த ஆபரேஷனுக்கு என்ன வயதோ, கிட்டத்தட்ட அதே வயது இதற்கும் ஆகிறது.

முதலில் கை வைத்தது வயிற்றில் அல்ல, குடலில். 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மூவர், சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி இணைத்தால் சாப்பாடு முழுதாக உடம்பில் சேராது என்று எழுதினார்கள். பிறகு கலிபோர்னியாவில் பெய்ன், டிவிண்ட் என்ற டாக்டர்கள் இன்னும் துணிந்து, சிறுகுடலின் மேல்பகுதியை நேராகப் பெருங்குடலோடு இணைத்தார்கள். எடை நன்றாக இறங்கிய பிறகு குடலைப் பழையபடி இணைத்துவிடலாம் என்பது திட்டம். 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். எடை இறங்கியது, கூடவே கடுமையான வயிற்றுப்போக்கும் உப்புச்சத்துக் குறைவும் வந்தன. குடலைப் பழையபடி இணைத்ததும் எடை பழைய இடத்துக்கே ஏறிவிட்டது!

அந்த நோயாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா என்ன? போனதை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்பதை 1963-லேயே பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு திரும்ப இணைக்காத வகையில் செய்த குடல் பைபாஸ் பிரபலமானது. கல்லீரல் கெட்டுப்போவது, சிறுநீரகக் கல், மூட்டுவலி என்று வந்து, 1980 வாக்கில் அதையும் கைவிட்டார்கள்.

அடுத்து வருபவர் இந்தக் கதையின் முக்கியமான மனிதர், அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். அல்சருக்காக வயிற்றின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் பிறகு எடை கூடாமலே இருப்பதை அவர் கவனித்தார். அந்த யோசனையில் 1966-ல் ஆரம்பித்ததுதான் கேஸ்ட்ரிக் பைபாஸ். வயிற்றின் மேல்பக்கம் ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, அதைக் குடலோடு இணைப்பது.

மேசனிடம் எனக்குப் பிடித்தது, தன் முறை தோற்றபோது அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொண்டது. 1971-ல் குடலைத் தொடாமல் வயிற்றை மட்டும் குறுக்கே பிரித்துப் பார்த்தார். பையின் வாசல் நாளடைவில் விரிந்தது, எடை குறைந்த இடத்தில் நிற்கவில்லை. 1980-ல் வயிற்றை நெடுக்காக ஸ்டேப்ளர் போட்டுப் பிரித்து, வாசல் விரியாதபடி ஒரு பட்டையும் போட்டார். அதிலும் வருடங்கள் போகப் போகப் பலருக்கு ஸ்டேப்ளர் வரிசை பிரிந்துகொண்டது. கெட்டியான சாப்பாடு இறங்காததால் சிலர் ஐஸ்கிரீம், இனிப்புப் பானம் என்று மாறினார்கள். பட்டை அவற்றைத் தடுக்காதே. 1986-ல் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்க அயோவாவில் ஒரு பதிவேடு ஆரம்பித்தார். மேசன் 2020-ல் நூறு வயதில் காலமானார்.

இடையில் ஒரு சினிமாக்காட்சி. 1999-ல் அமெரிக்கப் பாடகி கார்னி வில்சன் தன் கேஸ்ட்ரிக் பைபாஸை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பினார். எடை பாதியானது, பத்திரிகைகள் கொண்டாடின. 2012-ல் அவரே இரண்டாவது ஆபரேஷன் செய்துகொண்டார், இந்த முறை வயிற்றைச் சுற்றிப் பட்டை. முதல் ஆபரேஷனுக்கு இருந்த கைதட்டல் இரண்டாவதற்கு இல்லை.

சரி, இப்போது நம்ம ஏரியா. கணக்கு!

சுவீடனில் 1987-ல் ஒரு பெரிய ஆய்வு ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2,010 பேர், செய்யாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 2,037 பேர். 2007-ல் வந்த முடிவு இது. ஒன்றிரண்டு வருடத்தில் கேஸ்ட்ரிக் பைபாஸ்காரர்களின் எடை சராசரியாக 32 சதவீதம் குறைந்திருந்தது, பத்தாவது வருடத்தில் 25 சதவீதம். மேசனின் நெடுக்குப் பிரிப்பில் 25 என்பது 16 ஆனது. பட்டை மட்டும் போட்டவர்களுக்கு 20 என்பது 14 ஆனது.

கவனியுங்கள், மூன்று முறையிலுமே சராசரியாகக் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிற மாதிரி இதையும் முதல் நாளே கணக்கில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் யாரும் பூஜ்யத்துக்குப் போகவில்லை என்று அர்த்தமில்லை, சராசரி போகவில்லை. ஆபரேஷன் செய்யாதவர்கள் இருந்த எடையிலேயே ஏறக்குறைய நின்றார்கள். இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் செய்யாதவர்களில் 129 பேர் இறந்தார்கள், செய்துகொண்டவர்களில் 101 பேர். எடை கொஞ்சம் திரும்பியும் லாபம் மிச்சம் இருந்தது.

ஏன் திரும்புகிறது? 1995-ல் நியூயார்க்கில் லைபல் குழுவினர், எடை குறைந்த உடம்பு அந்த அளவுக்கு எதிர்பார்ப்பதை விடக் குறைவாகவே சக்தியைச் செலவழிக்கிறது என்று காட்டினார்கள். 1999-ல் ஜப்பானில் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு அது கூடுகிறது என்று 2002-ல் தெரிந்தது. மனசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் இதெல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

திரும்பினால் என்ன செய்வது? முதல் வேலை காரணத்தைத் தேடுவது. பை விரிந்திருக்கிறதா, சாப்பிடும் வேறு மாத்திரை எடையைக் கூட்டுகிறதா, கொறிப்பதும் இனிப்புப் பானமும் கூடிவிட்டதா, மனக்கஷ்டம் ஏதாவதா என்று பார்க்கிறார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு வாசலைத் தைத்துச் சுருக்கும் முறை இருக்கிறது. சிலருக்கு மறுபடி ஆபரேஷன். இப்போது மருந்தும் வந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் எடை சரியாகக் குறையாத 70 பேரிடம் லண்டனில் லிராகுளுடைடு ஊசியைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். 24 வாரத்தில் மருந்து போட்டவர்களுக்கு சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, வெறும் ஊசி போட்டவர்களுக்கு 1 சதவீதம்கூட இல்லை. இந்த வகை மருந்துகளை நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவதும் தெரிந்ததுதான். 1963-ல் குடலை மறுபடி இணைத்தபோது நடந்த அதே சமாசாரம்!

அத்தையிடம் சுவீடன் கணக்கைத் தமிழில் எழுதிக் காட்டினேன். கீழே அவருடைய கணக்கையும் போட்டேன். 118-லிருந்து 97 என்றால் பன்னிரண்டு வருடத்துக்குப் பக்கமாகியும் 21 கிலோ இன்னும் திரும்பி வரவில்லை. ரொம்ப நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நான் வருசா வருசம் போயிருப்பேனே" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம். நானும் கூடப் போகிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். :-) உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு செக்கப்புக்குப் போகாமல் இருந்தால், இதைப் படித்துக் காட்டி அழைத்துப் போங்கள். தவறு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.