பட்டணத்துப் பாடசாலையும் நமது பிள்ளைகளும்

அமிர்தகழி என்றதும் மாமாங்கேசுவரர் ஆலயமும், அதன் தீர்த்தக்குளமும், ஆடி அமாவாசையன்று அங்கே திரளும் மக்கள் வெள்ளமுமே எவர் நினைவுக்கும் முதலில் வருவன. மட்டக்களப்பு நாட்டின் எழுவான்கரையினின்றும் படுவான்கரையினின்றும் மக்கள் இவ்வூரை நாடி வரும் நாள் அது. ஆயின், இவ்வூரினின்றும் இதனையொத்த பிற ஊர்களினின்றும் பட்டணத்தை நோக்கிச் செல்லும் வேறொரு யாத்திரையும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. பிறப்புச் சான்றிதழும், வாக்காளர் இடாப்பின் பிரதியும், காணி உறுதியும் அடங்கிய கோவையைக் கையிலேந்திப் பெற்றோர் பெரும் பாடசாலைகளின் வாயில்களில் காத்து நிற்கும் யாத்திரை அது.

தம் பிள்ளை நல்ல பாடசாலையிலே படிக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவதில் குற்றம் காண்பார் யாருமிலர். ஆனால் எது நல்ல பாடசாலை? உயர்ந்த மாடிக் கட்டடமா? பரந்த விளையாட்டு மைதானமா? பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும் மதிலிலே தொங்கவிடப்படும் பெயர்ப் பட்டியலா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன், இப்பாடசாலைகள் பெரும் பாடசாலைகளாக வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குதல் இன்றியமையாதது. ஒரு நிறுவனத்தின் பெருமை எங்கிருந்து பிறந்தது என்பதை அறியாமல் அதன் பெறுமதியை நிறுத்துப் பார்த்தல் இயலாது.

1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிலே வந்திறங்கினார். அடுத்த ஆண்டிலேயே அவர் இம்மண்ணில் மறைந்தார்; ஆயினும் அக்குறுகிய காலத்துள் அவர் தொடங்கிய பள்ளிப் பணியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேராகக் கொள்ளப்படுகின்றது. பெண் கல்விக்கு இப்பிரதேசத்தில் வழிகாட்டிய வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை 1820ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டுள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால் 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. இவை செய்த தொண்டை மறுத்தல் நன்றியின்மையாகும். வாவி சூழ்ந்த இந்நாட்டிற்கு அச்சும், ஆய்வுகூடமும், உலக அறிவும் இவற்றின் வழியே வந்தன.

எனினும் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. குடியேற்ற ஆட்சியிலே கல்வி இரு வகைப்பட்டிருந்தது. கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கு ஆங்கிலப் பாடசாலை. வயலிலும் வாவியிலும் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குச் சுயமொழிப் பாடசாலை. முன்னது கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வழி திறந்தது. பின்னது எழுத்தறிவித்து வயலுக்கே திருப்பி அனுப்பியது. பட்டணத்துப் பெரும் பாடசாலைகளின் புகழ் இப்பிரிவினையின் மீதே எழுந்தது. அப்புகழுக்கு ஆசிரியரின் திறமை ஒரு காரணமென்றால், மாணவரின் குடும்ப வசதி மற்றொரு காரணமாகும்.

இந்நிலையை மாற்ற முனைந்தோர் இம்மண்ணிலேயே இருந்தனர். காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் புனித மிக்கேல் கல்லூரியிலே கற்றவர், அங்கேயே கற்பித்தவர். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், துறவு பூண்ட பின்னர் 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்தா வித்தியாலயத்தை நிறுவினார். நவீன விஞ்ஞானமும் தமிழ் மரபும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதனை ஒரு பாடசாலையின் வடிவிலே அவர் எண்பித்துக் காட்டினார்.

நாடு தழுவிய மாற்றம் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்தது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த அவரது தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களிலே மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைகள் அவற்றிலே இடம் பெற்றனர். மட்டக்களப்பு நாட்டில் அவ்வாறு எழுந்த வந்தாறுமூலை மத்திய பாடசாலையின் வளாகத்திலேயே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. உயர்கல்வி பட்டணத்தின் தனிச்சொத்தன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1960ஆம் 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொணர்ந்தன. மிஷன் பாடசாலை, இந்துப் பாடசாலை என்ற நிருவாகப் பிரிவினை மங்கியது. அப்படியாயின் எல்லாப் பாடசாலைகளும் சமமாகிவிட்டனவா? இல்லை. பழைய பிரிவினை புதிய பெயர்களோடு திரும்பி வந்தது. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலை ஒரு தரம். கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது மற்றொரு தரம். பதினோராம் தரத்தோடு முடிவது வேறொரு தரம். 1980களில் தேசிய பாடசாலை என்னும் பிரிவு தோன்றியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர், தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஏனையவை மாகாண நிருவாகத்தின் கீழும் அமைந்தன.

இவற்றுள் மிகுந்த சிந்தனைக்குரியது புலமைப்பரிசில் பரீட்சையின் கதியாகும். கிராமத்துப் பிள்ளையைக் கைதூக்கி விடுவதற்கென அமைக்கப்பட்ட ஏணி, இன்று பெரும் பாடசாலைகள் தமக்கு வேண்டிய மாணவரைப் பொறுக்கியெடுக்கும் சல்லடையாகவும் பயன்படுகின்றது. பத்து வயதுப் பிள்ளை விளையாட்டை மறந்து மாதிரி வினாத்தாள்களோடு மல்லாடுகின்றது. இங்கிலாந்திலும் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை ஒட்டிப் பதினொரு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பரீட்சை வேரூன்றியது. அதன் தீங்கை உணர்ந்து 1965 முதல் அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகள் யாவருக்கும் பொதுவான பாடசாலையை நோக்கித் திரும்பின. நாமோ சல்லடையின் கண்களை மேலும் நுணுக்கி வருகின்றோம்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு மீண்டும் நம் வினாவுக்கு வருவோம். ஒரு பெரும் பாடசாலையை எவ்வாறு எடைபோடுவது?

முதலாவதாக, மதிலிலே தொங்கும் பெயர்களை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. ஆறாம் தரத்திலே சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களுள் பதினோராம் தரத்தைக் கடந்தவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். உழவனுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பொறுக்கியெடுத்த விதைநெல்லை விதைத்தவன் நல்ல விளைச்சல் கண்டால், அதனை மண்ணின் வளம் என்று மட்டும் சொல்ல முடியுமா? சாதாரண நெல்லை வாங்கி நிறைந்த கதிராக்கித் தரும் வயலே வளமான வயல். மாவட்டத்தின் முதல்தர மாணவரைப் பெற்று முதல்தரப் பெறுபேறு காட்டும் பாடசாலையினும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறி வந்த பிள்ளையைக் கணிதத்தில் சித்தியடையச் செய்யும் சிறிய பாடசாலை கூடுதலான பணியைச் செய்துள்ளது.

இரண்டாவதாக, கடைசிப் பிரிவு வகுப்பறையைப் பார்க்க வேண்டும். பெரும் பாடசாலையில் ஒரே தரத்திலே பல பிரிவுகள் உண்டு. சிறந்த கணித ஆசிரியர் எப்பிரிவுக்குச் செல்கின்றார்? நூலகத்தின் கதவு யாருக்குத் திறக்கின்றது? மேடையிலும் மைதானத்திலும் இடம்பெறுவோர் யார்? நம் பிள்ளை முதற்பிரிவிலேதான் இருக்கும் என்று எந்தப் பெற்றோரும் உறுதி கூற முடியாது. பாடசாலையின் உண்மையான முகம் பின்வாங்கிலிலே தெரியும்.

மூன்றாவதாக, பாடசாலை முடிந்த பின்னர் பிள்ளை எங்கே செல்கின்றது என்பதை நோக்க வேண்டும். மாலையிலும் வார இறுதியிலும் தனியார் வகுப்புகளுக்குச் சென்றே சித்தி பெற வேண்டுமெனில், அச்சித்தியிலே பாடசாலையின் பங்கு எவ்வளவு, பெற்றோரின் பணப்பையின் பங்கு எவ்வளவு? கட்டணத்தை முன்வாயிலால் வெளியேற்றிய நாட்டில், அது பின்வாயிலால் நுழைவதை இலவசக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

நான்காவதாக, பெரும் பாடசாலை வழங்கக்கூடிய உண்மையான நலன்களையும் நேர்மையோடு கணக்கிட வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்க விரும்பும் பிள்ளைக்கு ஆய்வுகூடமும் பாடத்துறை ஆசிரியரும் வேண்டும். பல ஊர்ப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பும் ஒரு கல்வியே. ஆகையால் பட்டணத்தை நாடும் பெற்றோரைப் பழிப்பது முறையன்று. அவர்கள் தாம் உண்டாக்காத ஏற்றத்தாழ்விலே தம் பிள்ளைக்கு வழி தேடுகின்றார்கள்.

ஆயினும் அவ்வழி தேடலின் விளைவை நாம் காணத் தவறலாகாது. முதலாந்தர அனுமதியிலே வதிவிடத்தின் அண்மை பெரிதும் கணிக்கப்படுகின்றது. எனவே, புகழ்பெற்ற பாடசாலைக்கு அருகே காணியோ வீடோ உடையவருக்கு வாயில் எளிதில் திறக்கின்றது. மற்றொரு புறம், மாணவர் தொகையைக் கொண்டே பாடசாலைக்கு ஆசிரியர் ஒதுக்கப்படுகின்றனர். வசதியுள்ள குடும்பங்கள் ஊர்ப் பாடசாலையை விட்டு நீங்கினால் மாணவர் தொகை குறையும். தொகை குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் எஞ்சிய குடும்பங்களும் நீங்கும். இறுதியில் அங்கே நிற்பது வலை இழுப்பவனின் பிள்ளையும், கூலிக்குக் கதிர் அறுப்பவளின் பிள்ளையுமே. அவர்களுக்காகக் குரல் கொடுக்கக்கூடியவர்கள் பட்டணத்து வாயிலிலே காத்து நிற்கின்றார்கள்.

ஆகவே, 'என் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை?' என்னும் வினாவோடு, 'ஊர்ப் பிள்ளைகள் யாவருக்கும் எத்தகைய பாடசாலை?' என்னும் வினாவும் சேர்ந்தே எழுதல் வேண்டும். முதல் வினாவை மட்டும் கேட்போர் ஒருவரோடொருவர் போட்டியிடுவர். இரண்டையும் கேட்போர் ஒன்றுசேர்வர். ஆசிரியர் வெற்றிடங்களின் கணக்கைக் கேட்டுப் பெறுதல், ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுதல், விஞ்ஞான ஆய்வுகூடம் கோரிக் கல்வி வலய அலுவலகத்தின் கதவைக் கூட்டாகத் தட்டுதல் ஆகியன சிறிய செயல்களே. எனினும் 1945இன் இலவசக் கல்வி வானத்தினின்றும் விழுந்ததன்று. தயங்கியோரும் எதிர்த்தோரும் சூழ்ந்திருந்த சபையிலே வாதாடிப் பெற்றது. வாதாடிப் பெற்றதை வாதாடியே காக்க வேண்டும். ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள நாம் அப்பணியைத் தொடங்குவதற்கு உரிய இடம், நமக்கு மிக அண்மையிலுள்ள பாடசாலையேயாகும்.