பரம்பிக்குளம்: காட்டின் வரவு யார் கணக்கில்?

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பிள்ளைகளைப் பரம்பிக்குளம் கூட்டிப் போனேன். மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது மகள் கேட்டாள். "கேரளாவில இருக்கற காட்டுக்குப் போக எதுக்குப்பா கேரளாவ விட்டு வெளிய போறோம்?"

நியாயமான கேள்விதான். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம், முதலமடை பஞ்சாயத்து. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப் என்று மலையேறி, மறுபடி கேரளாவுக்குள் போக வேண்டும். ஏன் என்று சொல்லப் போனால் நூற்றைம்பது வருஷத்துக் கதை. நானோ பி.காம். படித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டுகிறவன். எனக்கு எந்தக் கதையும் வரவு செலவாகத்தான் மண்டையில் ஏறும். அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பேரேட்டின் முதல் பக்கத்தில் தேக்கு. 1848 வாக்கில் கேப்டன் மைக்கேல் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆனைமலைக் காட்டில் மரம் வெட்டும் வேலையை ஆரம்பித்தார். பம்பாயில் கப்பல் கட்ட இங்கிருந்து தேக்கு போனது. வெட்டிய மரத்தை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்சிலிப். பெயரிலேயே வரலாறு இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் சும்மா இருக்குமா? பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை, சுமார் 80 கிலோமீட்டருக்குக் காட்டுக்குள்ளேயே ஒரு டிராம்வே போட்டார்கள். 1907 முதல் ஓடியது. மரம் இறங்கியது, பணமும் கூடவே இறங்கியது. அங்கேயே காலங்காலமாக இருந்த காடர், மலசர், மலமலசர், முதுவர் மக்களுக்குக் கிடைத்தது கூலி. 1963ல் டிராம்வேயை மூடினார்கள். அதோடு சாலக்குடிப் பக்கத் தொடர்பு அறுந்தது.

அடுத்த பக்கத்தில் தண்ணீர். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் வந்தது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. ஒப்பந்தம் 1970ல் கையெழுத்தானாலும் 1958 முதல் செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். அணை வேலைக்கு ஆளும் சிமெண்டும் ஏறியது பொள்ளாச்சிப் பக்கமிருந்து. பயணிகள் இன்றைக்கும் போவது அந்த ரோட்டில்தான். மகளின் கேள்விக்குப் பதில் இதுதான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வயல் பச்சையானது. ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. நம் தென்னந்தோப்புகள் குடிக்கும் தண்ணீர் அது. மலையில் இருப்பவர்கள் பெயரில் இந்தப் பக்கத்திலும் பெரிதாக வரவு கிடையாது.

1973ல் சரணாலயம் வந்தது. காடு பிழைத்தது, சந்தோஷம். ஆனால் நேற்று வரை தேன் எடுத்தவன் இன்றைக்கு வனத்துறை கண்ணில் சந்தேகத்துக்குரிய ஆள்!

இந்த இடத்தில் என் பாவக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004ல் எல்லையோரக் கிளை ஒன்றில் புதுசாகச் சேர்ந்திருந்தேன். மலையிலிருந்து ஒரு பெரியவர் ஆடு வாங்கக் கடன் கேட்டு வந்தார். பட்டா கேட்டேன். "பத்தரமெல்லாம் ஏதுங்க சார்? மூணு தலமொறையா அங்கயேதானுங்க இருக்கறோம்" என்றார். ஜாமீன் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். ரூல்படி நான் செய்தது சரி. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

அதே காலத்தில் இடுக்கியில், குமுளிப் பக்கம் வேறு மாதிரி யோசித்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1996ல் உலக வங்கி உதவியோடு இந்தியாவில் ஏழு காடுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஆரம்பமானது. பெரியாறு புலிகள் காப்பகம் அதில் ஒன்று. காட்டில் திருட்டுத்தனமாக வயணாப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசி, 1998ல் அவர்களையே பயணிகளுக்கு வழிகாட்டிகளாக்கினார்கள். காட்டின் சந்துபொந்தெல்லாம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? திருடத் தெரிந்த கால்கள் காவலுக்கும் உதவின.

என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது மிளகுக் கதை. மன்னான் மக்கள் அறுவடைக்கு முன்பே வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கிவிட்டு, மிளகை அவர்கள் சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூழல் மேம்பாட்டுக் குழு அந்தக் கடனை அடைக்க வழி செய்து, மிளகை நேரடியாக விற்க உதவியது. பட்டா கேட்கவில்லை, குழுவை நம்பினார்கள். 2004ல் பெரியாறு அறக்கட்டளை வந்தது. நுழைவுச் சீட்டோடு வாங்கும் கூடுதல் கட்டணம் அதற்குப் போய், காட்டுக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் செலவாகிறது.

அதே பாணிதான் பரம்பிக்குளத்திலும். 2010ல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டில் கைடு இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியாது. வேன், மூங்கில் தெப்பம், தங்குமிடம் எல்லாவற்றிலும் மலைக் குடியிருப்புகளின் ஆட்கள். எங்களோடு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கன்னிமாரா தேக்கடியில் நிறுத்தினார். நாலு நூற்றாண்டுக்கு மேல் வயது, கட்டிப்பிடிக்கக் குடும்பமே கைகோக்க வேண்டும். கோடாலி பட்டதும் ரத்தம் வந்ததாம், அதனால் வெட்டாமல் கும்பிட ஆரம்பித்தார்களாம். "எங்க தாத்தாவோட அப்பா டிராம்வேக்கு மரம் ஏத்துனாருங்ணா. நான் இந்த ஒரு மரத்தக் காட்டிச் சம்பளம் வாங்கறேன்" என்றார். சம்பளம் பாங்க் கணக்கில் வருகிறதாம். என் நாற்காலியில் இன்று இருப்பவர் அவரிடம் பட்டா கேட்க மாட்டார், பாஸ்புக்கைப் பார்ப்பார்.

குறை இல்லாமல் இல்லை. 2020ல் கொரோனாவில் சரணாலயங்களை மூடியபோது சீட்டு வருமானம் நின்றது. ஒரே வரவை நம்பிய குடும்பம் என்ன பாடுபடும் என்று வெளிநாட்டில் சம்பளம் வாங்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, சம்பளம் வேறு, உரிமை வேறு. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி பக்கத்து வாழச்சாலில் காடர் குடியிருப்புகளுக்கு 2014ல் சமூக வன உரிமை கிடைத்தது. சீட்டுப் பணம் அதற்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன். இரண்டும் வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மால், தீம் பார்க் என்று சுற்றாமல் ஒரு நாள் மலைக்கு ஒதுக்குங்கள். முன்கூட்டியே புக் செய்துவிடுங்கள், பிளாஸ்டிக் கொண்டு போகாதீர்கள். கைடு தம்பியிடம் புலி எங்கே என்று மட்டும் கேட்காமல், அவர் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்றும் கேளுங்கள். எங்கள் வண்டியில் பிள்ளைகள் தூங்காமல் கேட்டது அந்தக் கதையைத்தான்.