சரிபங்கு உலோகங்கள்

வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு, எஃகில் பெரும்பகுதி இரும்பு. ஓர் உலோகத்தைத் தலையாக வைத்து, மற்றவற்றைக் குழம்புக்கு உப்புப் போலச் சேர்ப்பதே உருக்குத் தொழிலின் நெடுநாள் வழக்கம். ஐந்தாறு உலோகங்களைச் சரிபங்காகச் சேர்க்கும் ‘உயர் என்ட்ரோபி உலோகக்கலவை’ (என்ட்ரோபி: அணுக்கள் கலைந்து கிடக்கும் அளவு) பிறந்தது 2004-இல் என்பார்கள். தைவானில் யே ஜியன்-வெய் குழுவும் இங்கிலாந்தில் பிரையன் கேன்டர் குழுவும் அந்த ஆண்டில்தான் தனித்தனியே கட்டுரை வெளியிட்டன. ஆனால், கிழங்குச் சர்க்கரைக்குப் பேர்போன பிரான்ஸ் கார்ல் அஷார்ட், ஏழு உலோகங்கள் வரை கலந்து பார்த்த முடிவுகளை 1788-லேயே பெர்லினில் அச்சிட்டிருந்தார். 1963-இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் எடுத்துச் சொல்லும்வரை அதை ஏறக்குறைய யாருமே சீண்டவில்லை. அஷார்டின் கட்டிகள் ஒரே படிக அமைப்பாக இருந்தனவா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அளவுகோலை வைத்தால் கேன்டரின் தொடக்கமும் தேறாது. 1981-இல் அவருடைய மாணவர் 20 தனிமங்களை ஆளுக்கு 5 சதவீதமாக உருக்கினார். கிடைத்தது பல கட்டங்கள் (வெவ்வேறு படிக அமைப்புள்ள பகுதிகள்) கொண்ட, நொறுங்கும் கட்டி. அந்தக் கட்டியில் அதிகமாக இருந்த கட்டத்தில்தான் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் செறிந்திருந்தன. புகழ்பெற்ற கேன்டர் கலவை அந்தத் தோல்வியிலிருந்து பொறுக்கி எடுத்தது.

கலக்கும் கைத்திறன் முன்பே இருந்தது; சரிபங்கு கலவையைத் தேடவைக்கும் தேவைதான் இல்லை. அப்படியொரு தேவையை, மின்வேதி வினைகளை விரைவாக்கும் மின்வினையூக்கம் கொடுத்தது என்பேன். எரிபொருள் மின்கலத்தில் வினையூக்கி ஆக்சிஜனை இறுகப் பிடித்தாலும் ஆகாது, பிடிக்காமல் விட்டாலும் ஆகாது. அந்தப் பதம் பிளாட்டினத்துக்கு ஓரளவு வாய்த்திருக்கிறது, விலைதான் இடிக்கிறது. சரிபங்கு கலவையின் மேற்பரப்பிலோ ஒவ்வோர் அணுவுக்கும் அண்டை வீடு வேறு. எங்கோ ஓரிடத்தில் பதம் கூடிவரும். 2018-இல் ஜெர்மனியின் போகும் நகரில், கேன்டரின் அதே ஐந்து உலோகங்களை நானோ துகளாக்கிச் சோதித்தபோது, காரக் கரைசலில் அவற்றின் செயல்திறன் பிளாட்டினத்துக்கு நிகராக இருந்தது. ஐந்தில் எந்த ஒன்றை விலக்கினாலும் வெகுவாகச் சரிந்தது. ஆக, வேலை செய்வது அண்டை அணுக்களின் கூட்டு. என்ட்ரோபி என்ற பெயருக்கு அதில் பங்கு குறைவு. என்ட்ரோபிதானே கலவையைப் பிரியாமல் காக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் கேன்டர் கலவையையே 500 டிகிரி செல்சியஸில் 500 நாள் வைத்திருந்தபோது அது வெவ்வேறு கட்டங்களாகப் பிரிந்துவிட்டது. மின்கலத்தின் மிதமான சூட்டில் அணுக்கள் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. அங்கே அஞ்சவேண்டியது கரைசலைத்தான்: அது அமிலமானால், ஐந்தில் மாங்கனீசு போன்றவை முதலில் கரைந்து வெளியேறும்; மேற்பரப்பில் மிஞ்சுவது உருக்கிய விகிதமாக இருக்காது.