பின்னிருந்து ஒலித்த தாளம்

இசை வரலாறு பெரும்பாலும் குழுத்தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இசைத்தட்டின் உறையில் பெரிதாகப் பொறிக்கப்படுவது அவர்கள் பெயர். பின்பக்கச் சிற்றெழுத்துகளில் அடங்கிவிடுவது பக்கவாத்தியக்காரர் பெயர். அச்சிற்றெழுத்துகளிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தும் அமெரிக்க ஜாஸ் இசையைத் தாங்கி நின்றவர், டிரம்ஸ் கலைஞர் பில்லி ஹிக்கின்ஸ்.

1936இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த கறுப்பினக் கலைஞர் இவர். சாக்சபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் மரபின் கட்டுகளை உதறிப் புதுவழி கண்டபோது உடன் நின்றார். 1959இல் அக்குழு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்தபோது, கேட்டோர் இரு கட்சியாகப் பிரிந்தனர். கட்டறுத்த இசைக்கும் காலூன்ற ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தைத் தந்தவர் ஹிக்கின்ஸ்.

ஆயினும் அவர் ஒரு கட்சியோடு நின்றுவிடவில்லை. 1962இல் டெக்ஸ்டர் கார்டனுக்கும், ஹெர்பி ஹான்காக்கின் முதல் தொகுப்புக்கும் வாசித்தார். 1963இல் பதிவாகிப் பெருவெற்றி கண்ட லீ மார்கனின் ‘தி சைட்விண்டர்’ இசையிலும் துள்ளுவது அவர் தாளமே. பியானோ கலைஞர் சீடர் வால்டனோடு பல்லாண்டுகள் இணைந்திருந்தார். அவர் பங்குகொண்ட ஒலிப்பதிவுகள் 700க்கும் மேல் என்பர். தம் பெயரில் வெளியிட்டவையோ மிகச் சில.

இத்தனை பேர் அவரை நாடியதன் காரணம் யாது? அவர் உரக்க வாசிப்பவர் அல்லர், உற்றுக் கேட்பவர். முன்னிற்பவரின் மூச்சறிந்து, சிம்பலின் மெல்லொலியால் அவரை ஏந்திச் செல்வார். புன்னகை மாறாமல் வாசிப்பது அவர் இயல்பு. அடங்கிய ஓசை ஆற்றலின் குறைவன்று, பிறர்க்கு இடம்விடும் பண்பு என்பதை அவர் கலை உணர்த்துகிறது.

கவிஞர்களாகிய நமக்கு அவர் வாழ்வில் இன்னொரு செய்தியும் உண்டு. 1989இல் கவிஞர் கமாவ் தாவூத்துடன் சேர்ந்து, லாஸ் ஏஞ்சல்ஸின் லைமெர்ட் பார்க் பகுதியில் ‘வேர்ல்ட் ஸ்டேஜ்’ என்னும் சிறு அரங்கினைத் தோற்றுவித்தார். இளைஞர்க்குத் தாளம் பயிற்றிய அவ்வரங்கிலேயே கவிதைப் பட்டறையும் வளர்ந்தது. 1996இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு உட்பட்டும் மீண்டும் வாசித்தார். 2001 மே 3ஆம் நாள் மறைந்தார்.

பத்தாண்டு நிறைவில் நாம் எழுதிய கவிதைகளை எண்ணிப் பார்க்கிறோம், அது முறையே. பிறர் கவிதையைக் கேட்பதற்கென்றே நாம் வந்தமர்ந்த மாலைகள் எத்தனை என்பதையும் எண்ணுவோமாக. நம் வட்டத்தைத் தாங்கி நின்ற தாளம் அதுவே.