வில்லை மறந்த சொல்

வெறுங்காலோடு ஓடி, துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு வரும் பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் முதல் வைத்தியம் முதுகில் ஒரு அடி. இரண்டாவது டி.டி. ஊசி. ‘என்ன ஊசி?’ என்று யாரும் கேட்பதில்லை. பால், தயிர் போல அதுவும் ஒரு வீட்டுச் சொல். அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் கேட்பது பழைய பெயர்தான்.

இரண்டு ‘டி’யில் முதலாவது டெட்டனஸ். இரண்டாவது டாக்சாய்டு. அந்த இரண்டாவது ‘டி’க்குள் ஒரு வில் ஒளிந்திருக்கிறது.

கிரேக்கத்தில் ‘டாக்சன்’ என்றால் வில். ‘டாக்சிகான்’ என்றால் வில்லுக்கு உரியது. அம்பில் தடவும் நஞ்சை அவர்கள் ‘டாக்சிகான் பார்மகான்’ என்றார்கள். வில்லுக்கான மருந்து என்று பொருள். பார்மகான் இருமுனைச் சொல். மருந்தும் அதுதான், நஞ்சும் அதுதான். நாமும் எலிமருந்து, பூச்சிமருந்து என்றுதானே சொல்கிறோம்! நாளடைவில் தொடரின் பின்பாதி உதிர்ந்தது. மிஞ்சிய ‘டாக்சிகான்’ லத்தீனில் ‘டாக்சிகம்’ ஆகி, நஞ்சு என்ற பொருளைத் தனியாகச் சுமக்கத் தொடங்கியது. நஞ்சைக் குறித்த சொல் போய்விட, வில்லைக் குறித்த சொல் நஞ்சாகிவிட்டது.

கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சிதியர்கள் அம்பில் தடவியது எது என்று ஒரு பழைய கிரேக்க நூல் சொல்கிறது. விரியன் பாம்பை அழுகவிடுவார்கள். மனித ரத்தத்தைக் கலத்தில் ஊற்றிச் சாணத்தில் புதைப்பார்கள். பிறகு இரண்டையும் கலப்பார்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகளுக்கு மண்ணும் சாணமும் தாய்வீடு என்பதை அறிந்தவர் இந்தச் செய்முறையைப் படித்தால் ஒரு கணம் நின்றுவிடுவார்.

அம்பும் டெட்டனஸும் சந்தித்ததற்கு உறுதியான சான்று பசிபிக் கடலில் கிடைக்கிறது. 1875 ஆகஸ்டில் சாந்தா குரூஸ் தீவில் இறங்கிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் குடினஃப் மீது அம்பு பாய்ந்தது. காயம் பெரியதில்லை. ஆனால் எட்டே நாளில் டெட்டனஸ் கண்டு இறந்தார். 1890இல் லெ தாந்தெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் நியூ ஹெப்ரிடிஸ் தீவு அம்புகளின் நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். செடிச் சாறும் இல்லை, பாம்பும் இல்லை. சதுப்பு நிலச் சேறு. அதில் இருந்தது டெட்டனஸ்.

அந்தப் பத்தாண்டுகளில்தான் ‘டாக்சின்’ என்ற சொல்லும் பிறந்தது. கிருமி உடலெங்கும் பரவித்தான் கொல்கிறதா, இல்லை ஓரிடத்தில் உட்கார்ந்து எதையோ கக்கிக் கொல்கிறதா என்பது அன்றைய கேள்வி. கக்கும் பொருளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. ஜெர்மானியர் லுட்விக் பிரீகர் பழைய டாக்சிகத்துக்கு ஒரு வேதியியல் வாலை ஒட்டி ‘டாக்சின்’ என்றார். 1888இல் பாரிஸில் ரூவும் யெர்சினும் தொண்டை அடைப்பான் கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய வெறும் நீரே விலங்குகளைக் கொல்வதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பெர்லினில் கிதசாடோ, டெட்டனஸ் கிருமியைக் காற்றுப் படாமல் தனித்து வளர்த்தார். சொல்லுக்குப் பொருள் கையில் கிடைத்துவிட்டது.

இதில் இன்னொரு வில்லும் உண்டு. ‘டெட்டனஸ்’ கிரேக்கத்தில் இழுத்துக் கட்டிய விறைப்பைக் குறிக்கும். தெலுங்கில் நோயின் பெயர் தனுர்வாதம். தனுசு என்றால் வில். வங்காளியில் தனுஷ்டங்கார், அதாவது நாணின் டங்காரம். நோயாளியைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். முகம் சிரிப்பதுபோல் இழுபடும். பிறகு முதுகுத் தசைகள் இறுக, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் ஊன்றி, நடு உடம்பு மேலே வளையும். சார்லஸ் பெல் 1809இல் வரைந்த போர்வீரன் ஓவியத்தில் அந்த வளைவைக் காணலாம். நஞ்சின் பெயரில் தொலைந்த வில், நோயாளியின் உடம்பில் நாணேறி நிற்கிறது.

வில்லும் அம்பும் சொல்லுக்குப் பொருந்துகின்றன. உயிரணுவுக்குள் நடப்பதற்குப் பொருந்துகின்றனவா? ஆணி குத்திய குதிகாலிலிருந்து பார்ப்போம். காற்றுப் புகாத ஆழத்தில் கிருமி பெருகும். அது அங்கேயே கிடக்கும்; பயணம் போவது அது விடும் புரதம். அதில் இரண்டு துண்டுகள்: கனமான ஒன்று, இலேசான ஒன்று, நடுவே கந்தகப் பிணைப்பு. கனத்துண்டு வழி தெரிந்தது. இலேசானது, துத்தநாகம் பொதிந்த கத்தி.

தசையைத் தொட்டு நரம்பு முடியும் இடத்தில், நரம்பணுவின் மேலுறையில் சர்க்கரை கோத்த கொழுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கனத்துண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அது உறையைத் துளைப்பதில்லை. நரம்பணுவே தன் உறையை உள்ளே மடித்து, ஒரு குமிழாக்கி, அதை வாங்கிக்கொள்ளும். டைனீன் என்ற மோட்டார்ப் புரதம் அந்தக் குமிழைச் சுமந்துகொண்டு, நுண்குழல்களாலான பாதையில் தண்டுவடத்தை நோக்கி நடக்கும். தசையிலிருந்து நரம்பணுவின் உடலுக்கு அன்றாடம் சரக்கு போகும் பாதைதான் அது. குதிகாலிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். மூன்று நாளிலிருந்து மூன்று வாரம்வரை நோய் வெளித்தெரியாமல் இருப்பதில் இந்த வழிநடைக்கும் பங்குண்டு. ரத்தத்தில் கலந்த நஞ்சு எல்லா நரம்பு முனைகளிலும் ஏறும். தாடைக்கு வரும் நரம்பு குட்டையானது என்பதால் முதலில் பூட்டிக்கொள்வது வாய்.

நஞ்சு தண்டுவடத்தில் இறங்கி, அடுத்த நரம்பணுவுக்குத் தாவும். ‘போதும், தளர்ந்துகொள்’ என்று சொல்லும் அணு அது. அங்கே குமிழின் உட்புறம் புளிக்கும்போது கனத்துண்டு சவ்வில் வழி திறக்க, கத்தி நழுவி வெளியே வரும்; கந்தகப் பிணைப்பு அறும். அந்தக் கத்தி எதை வெட்டுகிறது என்பதை 1992இல் இத்தாலியின் பதுவா நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். சினாப்டோபிரெவின் என்ற ஒரு புரதம், அதில் ஒரே ஓர் இடம். அது அறுந்தால் தளர்ச்சிச் செய்தி வெளியே போகாது. கட்டளை மட்டும் கேட்டு, தடை கேட்காத தசை இறுகும்.

அம்பு எய்தவன் விசையால் போகும். இந்த நஞ்சோ எய்யப்பட்டவனின் கூலியாளே சுமக்கப் போகிறது. இதற்கு நெருக்கமான ஒரு சொல்விளையாட்டு தமிழில் இருக்கிறது. ‘நச்சு’ என்றால் விடம். ‘நச்சுதல்’ என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் பெயரில் உள்ளது இரண்டாவது. 1008ஆம் குறளில் வள்ளுவர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார்: யாரும் விரும்பாதவனின் செல்வம், ஊர் நடுவே பழுத்த நச்சுமரம். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் சாதிக்கவில்லை, ஒலிதான் ஒன்று. ஆனால் நரம்பணுவின் வாசலில் நடப்பதைப் பார்த்தால் விரும்பி வாங்கப்படுவதுதான் அங்கே நஞ்சு.

இதே குடும்பத்தில் பாட்டுலினம் என்றொரு நஞ்சு உண்டு. லத்தீனில் ‘பாட்டுலஸ்’ இறைச்சிக் குழல். கெட்டுப்போன இறைச்சிக் குழலைத் தின்றவர்களிடம் கண்டதால் அந்தப் பெயர். அது தண்டுவடம்வரை போகாமல் நரம்பின் முனையிலேயே கத்தியை இறக்கும். அதனால் தசை இறுகுவதற்கு மாறாகத் துவளும். அந்தத் துவளலைத் துளியளவில் விற்பதுதான் போடாக்ஸ். பெயரின் வால் அதே டாக்சின். அழகுக்காக அது முதன்மையாகக் குத்தப்படும் இடம் இரு புருவங்களுக்கு நடுவே. புருவத்தை வில் என்று பாடிய மொழிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

மீண்டும் டி.டி.க்கு வருவோம். கொல்லும் திறனை இழந்தும் உருவம் மாறாத டாக்சினுக்கு, ‘போன்றது’ என்னும் கிரேக்க விகுதியைச் சேர்த்து ‘டாக்சாய்டு’ என்று பெயர் வைத்தவர் பால் எர்லிக். 1920களில் பிரான்ஸில் காஸ்டன் ராமோன் ஃபார்மலினும் மிதச்சூடும் கொண்டு அதைத் தடுப்பூசியாக்கினார். ஒருமுறை நரம்புக்குள் ஏறிவிட்ட நஞ்சை எந்த முறிமருந்தும் துரத்திப் பிடிக்காது. அதனால்தான் அதன் உருவத்தை உடம்புக்கு முன்கூட்டியே காட்டி வைக்கிறோம்.

ஆணியை மிதித்த பையன், பஞ்சைக் கையில் அழுத்தியபடி நொண்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். அவன் தோளில் ஏறியிருப்பது கூர் மழுங்கிய ஓர் அம்பு. டாக்சிகான் வழியில் உதறிவிட்டு வந்த பார்மகான், அந்தச் சின்னக் குப்பிக்குள் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறது.